டீச்சரை அனுப்பச் சொல்லி ஒரு மனு

சுருளிப்பட்டி
22.4.1979

அன்புள்ள சுகிர்தம் டீச்சருக்கு,

மலையம்மாளின் அம்மா ராக்கம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். போடியில் உங்கள் வீட்டுக்காரரும் பாப்பாவும் சுகமா?

கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டிய அன்று ஒரு மாலையும் ஒரு கூடை திராட்சையும் கொடுத்து அனுப்பிவிட்டார்களே, ஐந்து வருஷம் பாடுபட்டதற்கு இவ்வளவுதானா என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் நினைக்காவிட்டாலும் நான் நினைத்தேன். உண்மையான பரிசு வேறு, டீச்சர். ஊரே வாயைக் கட்டிக்கொண்டு இருந்தோம். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாதா?

உங்களுக்கு மாறுதல் வரப்போகிறது என்று பெரிய வாத்தியார் மார்ச் மாதமே சொல்லிவிட்டார். ஜக்கம்மா மதினி போட்ட சத்தம் கம்பம் வரைக்கும் கேட்டிருக்கும். "நம்ம புள்ளைகள ஆளாக்குனவுகளத் தூக்கி எங்கனயோ போடுவாகளாம், நாம பாத்துக்கிட்டு இருக்கணுமாம்ல!" என்றாள். நான் எட்டாவது படித்தவள் அல்லவா, மனுவை நானே எழுதினேன். அறுபத்து மூன்று பேர் கைநாட்டு வைத்தார்கள். நேற்று கல்வி ஆபீசிலிருந்து பதில் வந்தது. மாறுதலை நிறுத்திவிட்டார்கள்! ஜூன் மாதம் நீங்கள் இங்கேதான். எங்கள் பரிசு எப்படி? உடனே எழுதுங்கள்.

உங்கள்,
ராக்கம்மாள்

போடி
27.4.1979

அன்புள்ள ராக்கம்மாள் அக்காவுக்கு,

சுகிர்தம் எழுதுவது. கர்த்தர் கிருபையில் நலம். கடிதம் வந்து இரண்டு நாள் ஆயிற்று. முதல் நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். இரண்டாம் நாள் என் மேல்.

அந்த மாறுதலைக் கேட்டதே நான்தான் அக்கா. மூன்று வருஷம் எழுதிப் போட்டு, போடியிலேயே கிடைத்தது. ஞானசெல்விக்கு ஐந்து வயது முடிகிறது. ஜூனில் ஒன்றாம் வகுப்பு. சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கி, திங்கட்கிழமை விடியுமுன் போய்விடுகிற என்னை, "இது எங்க சனிக்கிழமை அம்மா" என்று ஜவுளிக்கடைக்கு வருகிறவர்களிடம் காட்டுகிறாள். அவள் அப்பாதான் கடையில் துணி கிழிக்கிற நேரம் போக அவளுக்குச் சடை பின்னிவிடுகிறார். இரண்டு சடையும் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கும். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அவள் கையைப் பிடித்து நான் கூட்டிப்போக வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

பரீட்சை முடியும் வரை பிள்ளைகள் மனம் கலங்க வேண்டாம் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். பாதித் தப்பு என்னுடையது. ஆனாலும் அந்த அறுபத்து மூன்று கைநாட்டை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. கூடவே அழுகையும் வருகிறது. ஜூனில் வந்துவிடுகிறேன். ஊரில் யாரிடமும் இதைச் சொல்லி வருத்தப்பட வைக்காதீர்கள்.

அன்புடன்,
சுகிர்தம்

சுருளிப்பட்டி
20.5.1979

அன்புள்ள டீச்சருக்கு,

சொல்லாதீர்கள் என்றீர்கள். கடிதம் வந்த அன்று சாயங்காலமே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டாலும் சரி. சனிக்கிழமை தோறும் நீங்கள் பஸ்ஸுக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். எதற்காக ஓடுகிறீர்கள் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லையே. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இன்னொரு மனு எழுத உட்கார்ந்தோம். எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. ஒரு டீச்சரை அனுப்புங்கள் என்றால் அவர் மேல் குறை இருப்பதாகத்தானே ஆபீசில் நினைப்பார்கள்? ஒச்சாண்டி மாமா, "இதுக்கு ஏன் மண்டையக் கொடையிறீக? புள்ளைகள அடிக்கிறாகன்னு ஒரு வரி எழுதுங்க, நாளைக்கே மாத்திப்புடுவாக" என்றார். ஜக்கம்மா மதினி விளக்குமாற்றை எடுத்துவிட்டாள்.

நாலு காகிதம் கிழித்துப் போட்டு, கடைசியில் இப்படி எழுதினேன்: "இவர் மிக நல்ல டீச்சர். அதனால் அனுப்பிவிடுங்கள். எங்கள் பிள்ளைகள் இவரைத் தினமும் பார்த்தார்கள். இவர் பெற்ற பிள்ளை வாரத்துக்கு ஒரு தடவைதான் பார்த்தது. முன்பு கொடுத்த மனு நாங்கள் தெரியாமல் செய்த தப்பு."

இந்தத் தடவை பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டார்கள். என் மகள் மட்டும் போடவில்லை. "டீச்சரப் போகச் சொல்லி நான் கையெழுத்துப் போடமாட்டேன், போ" என்றவள்தான், என்னோடு பேச்சே இல்லை. ஆபீசுக்குப் போகும்போது அவளையும் கூட்டிப்போனேன். மனுவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பின் சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். "அன்னைக்கு இருக்கணும்னீங்க, இன்னைக்குப் போகணும்ங்கிறீங்க. என்ன விளையாட்டா?" என்றார். "வெளையாட்டு இல்லய்யா. அன்னைக்கு அவுகளக் கேக்காம எழுதிப்புட்டோம்" என்றேன். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

உங்கள்,
ராக்கம்மாள்

போடி
14.6.1979

அன்புள்ள அக்காவுக்கு,

உத்தரவு வந்துவிட்டது! உங்களையும் ஜக்கம்மாவையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருக்கிறது. ஒச்சாண்டி மாமாவுக்கும் என் வணக்கம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. ஞானசெல்விக்கு நானே சடை பின்னி, கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். வாசல் வந்ததும் அவள் கையை உதறிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். மூன்று வருஷம் எழுதிப் போட்டதற்குத் வாசல் வரைதான் கை கிடைத்தது. அது போதும் அக்கா. சாயங்காலம் ஓடி வந்து, "அம்மா, நாளைக்கும் இருப்பியா?" என்றாள். இருப்பேன் என்று சொன்னேன்.

உத்தரவு வாங்கப் போன அன்று குமாஸ்தா உங்கள் மனுவை எடுத்துக் காட்டினார். "என் சர்வீசுல இப்படி ஒரு மனு பாத்ததில்லம்மா" என்றார். படித்துவிட்டுத் திருப்பினேன். பின்பக்கம் கீழே, ஓரத்தில், பஸ் குலுக்கலில் கோணிப்போன பென்சில் எழுத்து:

"டீச்சர் போகலாம். ஆனால் சனிக்கிழமை இங்கே வர வேண்டும். இப்படிக்கு, சு. மலையம்மாள், ஐந்தாம் வகுப்பு."

அதையும் சேர்த்துத்தான் பைலில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆபீசே ஒத்துக்கொண்ட பிறகு நான் மீற முடியுமா? நாளை மறுநாள் மத்தியான பஸ்ஸில் ஞானசெல்வியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். மலையம்மாளிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் சனிக்கிழமை டீச்சர்,
சுகிர்தம்