இயேசுவே என்று வரும் இடத்தில்

1954 மார்ச் 11, வியாழன், மெம்ஃபிஸ்

இன்று இசைத்தட்டுக்குப் பாடிவிட்டேன். எங்கள் சபைப் பாட்டேதான். "'இயேசுவே'ன்னு வர்ற இடத்துல எல்லாம் 'செல்லமே'ன்னு போடு, வெர்லீன். மத்தது அப்படியே இருக்கட்டும்," என்றான் கிளியோஃபஸ். சனிக்கிழமை சாராயக் கடையில் டிரம் அடிப்பவனும் அவன்தான், ஞாயிறு சபையில் அடிப்பவனும் அவன்தான். அவனுக்கென்ன கூச்சம்? எனக்கு வாய் கூசியது. சாக்ஸபோன் சேர்ந்ததும் கால் நிற்கவில்லை, அது வேறு விஷயம். தட்டில் என் பெயருக்குப் பதில் வேறு பெயர் போடச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 20

ரேடியோவில் வந்துவிட்டது! இந்த மாதிரிப் பாட்டுக்கு ராக் அண்ட் ரோல் என்று பெயராம். அம்மா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி இவ, கர்த்தரோட பாட்டைக் கெடுத்து வச்சிருக்கா? வெட்கங்கெட்டவ."

"ஆமாம்மா, வெட்கங்கெட்டவதான்," என்றேன்.

சீ. நானும் ஒரு மகளா?

ஏப்ரல் 28

இன்னும் சொல்லவில்லை.

மே 9, ஞாயிறு

எப்படி எழுதுவேன் இதை. இன்று அன்னையர் தினம். அம்மா உயிரோடு இருக்கிறவர்கள் எல்லோரும் சிவப்புப் பூ குத்தியிருந்தோம். நான்தான் முன்னால் நின்று பாடினேன். பாட்டு சூடு பிடித்து, சபையே எழுந்து கைத்தட்டியது. கிளியோஃபஸ் தாளத்தை ஏற்றினான் — அதே தாளம். கண்ணை மூடிக்கொண்டு 'செல்லமே' என்று கத்திவிட்டேன். பின்னால் நின்ற பாடகர்கள் பழக்கதோஷத்தில் அப்படியே திருப்பிப் பாடினார்கள்: 'செல்லமே!'

யாரோ சிரித்தார்கள். போதகர் ஹாஸ்கின்ஸ் எழுந்து, "ஓஹோ, அந்த ரேடியோக் குரல் இதுதானா?" என்றார். முதல் வரிசையில், சபையின் மூத்த பெண்களான சபைத் தாய்மார் நடுவில், அவர்களுக்குரிய வெள்ளை உடுப்பில் அம்மா. அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "அம்மா, நான்—" என்றேன்.

"மொத நாளே தெரியும்டி. பெத்தவளுக்குக் குரல் தெரியாதா? நீயா வந்து சொல்லுவன்னுதான் திட்டுனேன். நீயும் சேந்து திட்டுன."

இதற்கு அடித்திருக்கலாம்.

மே 13

பாடகர் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். கிளியோஃபஸை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிரம்முக்குத்தான் வாய் கிடையாதே.

மே 16, ஞாயிறு

கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். என் இடத்தில் வேறொருத்தி பாட ஆரம்பித்தாள். அம்மா முதல் வரிசையிலிருந்து எழுந்தாள். வெளியே போகிறாள் என்றுதான் நினைத்தேன். நடுப்பாதை முழுக்க நடந்து வந்து, "தள்ளி உக்காருடி," என்றாள்.

சபையே திரும்பிப் பார்த்தது. தாய்மார் யாரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் கண்டதில்லை. எனக்கு வெட்கம் இன்னும் கூடிப்போனது, தலையைத் தூக்கவில்லை. அம்மா பாட்டுக்குக் கைத்தட்டிக்கொண்டிருந்தாள்.