என் கேள்விக்கு அவனுக்குக் கைதட்டல்

1964 ஜூலை, சனிக்கிழமை. காஜா பேராங்.

இன்று நகர மண்டபத்தில் செல்வம் பேசினான். கோலாலம்பூர் ஆய்வு மன்றத்து வேலைக்கு நானும் அவனும் ஒன்றாகத்தான் மனுப் போட்டோம். அவனை எடுத்துக்கொண்டார்கள். நான் இன்னும் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறேன்.

இந்தோனேசியாவோடு மோதல் தொடங்கியதிலிருந்து, சுமத்ராவுக்குப் போய்வரும் சிறு வியாபாரப் படகுகளை அடியோடு தடுக்க வேண்டும் என்று ஒரே பேச்சு. தடுத்தால் கரையோர மக்கள் நம்மைத்தான் வெறுப்பார்கள் என்று செல்வம் ஆய்வு எழுதியிருக்கிறான். வெளியுறவு அதிகாரிகள் இப்போது அதை வைத்துக்கொண்டுதான் விவாதிக்கிறார்களாம். கூட்டத் தலைவர் இதைச் சொல்லி அவனுக்கு மாலை போட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

எழுந்து கேட்டேன்: "அந்தப் படகுல துப்பாக்கியோட ஒருத்தன் வந்தா, உங்க ஆய்வு என்ன செய்யும்?"

திணறுவான் என்று காத்திருந்தேன்.

"அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இல்லன்னுதான் அதிகாரிங்களுக்கும் எழுதியிருக்கேன்," என்றான். மண்டபமே கைதட்டியது.

வெளியே வந்ததும் என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினான். "நீ ஒருத்தன்தான்லா சரியான கேள்வி கேட்ட. எங்க மன்றத்துக்கு இன்னொரு ஆள் வேணும். வர்றியா?"

"பார்ப்போம்லா," என்றேன்.

வீட்டில் மனைவி மரகதம், "பேச்சு எப்படிங்க?" என்று கேட்டாள். சுமார்தான் என்றேன். வேலையைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் உடனே போகச் சொல்வாள்.

எனக்கும் போக ஆசைதான். கூப்பிட்டவன் வேறு யாராவதாக இருந்திருக்கக் கூடாதா?