உரிய அனுமதியுடன் வைக்கப்பட்டது

இன்று காலை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு வெளியே புதிதாக ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். கல்யாண பேனர். வெயில் ஏற ஏற அதிலிருந்து ஃபிளெக்ஸ் மையின் வாடை கிளம்பியது. மண்ணெண்ணெயும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாடை உன் சட்டையில் எப்போதும் இருக்கும். மாப்பிள்ளையையும் பெண்ணையும் விட்டுவிட்டு என் கண் வலது கீழ் மூலைக்குப் போனது. பொடி எழுத்தில் இருந்தது: 'உரிய அனுமதியுடன் வைக்கப்பட்டது. அனுமதி எண்: 417.'

நான் அந்த ஃபிளெக்ஸ் கடையை விட்டு வந்து ஐந்து மாதம் ஆகிறது. என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் என் பழைய கோப்பைத் திறந்து, பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றுகிறான் போல. மூலையைத் தொடுவதில்லை. நீ போன பிறகும் இந்த ஊரில் உன் எண் தொங்கிக்கொண்டிருக்கிறது.

417 உன் கல்லூரி வரிசை எண். நினைவிருக்கிறதா? முதல் வாரத்தில் முதலாளி என்னிடம், "அனுமதி நம்பர்னு ஒன்னப் போட்டு விடுப்பா, எவன் வந்து பாக்கப் போறான்" என்றார். நீ வாசலில் இரும்புச் சட்டத்துக்குத் துணி இழுத்துக்கொண்டிருந்தாய். "மாப்ள, ஒரு நம்பர் சொல்லு" என்று கத்தினேன். யோசிக்காமல் சொன்னாய். அன்றிலிருந்து காதணி விழா, பூப்புனித நீராட்டு, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் நீதான் அனுமதி கொடுத்தாய்.

இருவரும் ஒரே பெஞ்சில் கணிதம் படித்தவர்கள். நீ என்னைவிட நன்றாகப் படித்தவன். வேலை கேட்டு ஒரே நாளில்தான் கடைக்குப் போனோம். முதலாளி என்னிடம் ஊரைக் கேட்டார், அப்பா பெயரைக் கேட்டார், தூரத்துச் சொந்தம் என்று கண்டுபிடித்துக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார். உன்னிடம் ஊரைக் கேட்டார், பிறகு ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்டார். ஏணியைக் காட்டினார். நான் ஏசி அறைக்குள் போனேன். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியில் வந்ததும் உன்னை வழக்கம்போல் மாப்ள என்று கூப்பிட்டேன். என் நேர்மையின் அளவு அவ்வளவுதான்.

எதிர்த்த டீக்கடையில் நீ அந்த அனுமதி வரியைப் பிரித்து மேய்ந்ததை மறக்க முடியாது.

"இது மிஷின்ல இருந்து வரும்போதே 'வைக்கப்பட்டது'ன்னு சொல்லுது மாப்ள. இன்னும் நான் தூக்கவே இல்ல. பொறக்கும்போதே பொய்யோட பொறக்குது. நான் கட்டி முடிச்சதும் பாதி உண்மையாயிருது. மீதிப் பாதி எப்ப உண்மையாகும்?"

"டீயைக் குடி. ஆறுது."

நீ விடவில்லை. வீணான ஃபிளெக்ஸ் துண்டு ஒன்றின் பின்பக்கத்தில் மார்க்கரால் எழுதினாய்: 'இந்த பேனர் பொய் சொல்கிறது.'

"இது சொல்றது உண்மைன்னு வை. அப்ப இது பொய் சொல்லுது. சரி, பொய்யின்னு வை. அப்ப இது சொன்னது சரியாப் போச்சு, உண்மை. இப்ப எங்க வந்து நிக்கிற?"

"டீக்கடையில."

டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, அதை இங்கிட்டு ஒட்டிறாதீக. டீயும் பொய்யின்னு வாரவன் திரும்பிப் போயிருவான்."

எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "தனக்குத் தானே சாட்சி சொல்ற எதையும் நம்ப முடியாது மாப்ள. வெளிய இருந்து ஒருத்தன் வந்து பாக்கணும்."

அதனால்தான் யார் எதைச் சொன்னாலும், கண்ணால் பார்த்ததா இல்லை காதில் கேட்டதுதானா என்று உன்னிடமிருந்து ஒரு கேள்வி வரும். "பாத்தியா, கேட்டியா?" மாட்டுத்தாவணியில் மழை என்றால், "பாத்தியா, கேட்டியா?" முதலாளி நல்ல மூடில் இருக்கிறார் என்றால், "பாத்தியா, கேட்டியா?" எரிச்சலாக இருக்கும். ஒருமுறை, "ஏன்டா, நீ இங்க நிக்கிறதுக்கும் சாட்சி வேணுமா?" என்று கேட்டேன். "ஆமா. அதுக்குத்தான உன்னைய வச்சிருக்கேன்" என்றாய்.

பழங்காநத்தத்தில் அந்தக் காதணி விழா பேனர். மதியம் மூன்று மணி. வாடிக்கையாளருக்குப் படம் எடுத்து அனுப்ப என்னையும் கூட்டிப்போயிருந்தாய். இருபது அடிச் சட்டம். மேலே மின்கம்பி. நீ சட்டத்தில் ஒரு காலை வைத்தபடி கம்பியைப் பார்த்தாய். நான் முதலாளிக்குப் போன் போட்டேன். "லைனை ஆஃப் பண்ணச் சொல்லியாச்சுப்பா, கட்டச் சொல்லு" என்றார். நான் போனை இறக்கிவிட்டு உன்னிடம் சொன்னேன்: "ஆஃப் பண்ணியாச்சாம் மாப்ள."

பண்ணச் சொல்லியாச்சு. பண்ணியாச்சு. நடுவில் இருந்த 'சொல்லி' என் வாயில் தொலைந்துபோனது. வெயில், பசி, சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகவேண்டும் என்ற எண்ணம். பொய் சொல்ல நான் நினைக்கவில்லை. ஆனால் நான் சொன்னது உண்மையில்லை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று நீயே ஒருமுறை அரைமணி நேரம் விளக்கியிருக்கிறாய். மின்கம்பிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அன்று மட்டும் நீ கேட்கவில்லை. ஏறிவிட்டாய். பாத்தியா, கேட்டியா என்று கேட்டிருந்தால், "கேட்டேன்" என்று சொல்லியிருப்பேன். நீ காலை எடுத்திருப்பாய். ஏன் கேட்கவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்னது நான் என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

அதன்பிறகு நான் செய்தது நாக்குத் தவறியது அல்ல. ஆஸ்பத்திரி வாசலில் உன் அக்கா என்னைப் பார்த்து ஓடிவந்தபோது, அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன்: "ஏறாதன்னு சொன்னேன்க்கா. கேக்கல." அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற முதலாளி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஸ்டேஷனிலும் அதையே சொல்ல வைத்தார். பேனருக்கு அனுமதி உண்டு, எண் 417. இறந்தவர் கடை ஆள் இல்லை. தடுத்தும் கேளாமல் தானாகவே ஏறினார். ஏட்டு எழுதினார். கடைசி வரி: 'மேற்கண்டதைப் படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது.' படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நீ இருந்திருந்தால் அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசியிருப்பாய்.

நீ செத்த மூன்றாம் நாள், முதலாளி உனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் இலவசமாக அடித்துத் தரச் சொன்னார். கடை ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்தான். உன் படத்தை வெட்டி, பின்னணியில் வானம் வைத்து, கீழ் மூலைக்கு வந்தேன். அங்கே உன் எண் ஏற்கெனவே இருந்தது. கம்ப்யூட்டரை அணைக்காமல் எழுந்து வந்தவன்தான், திரும்பப் போகவில்லை.

இரண்டு வாரம் பைக்கில் சுற்றினேன். ஊர் முழுக்க 417-ஐப் படம் எடுத்தேன். முப்பத்தெட்டுப் படங்கள். அவற்றோடு ஸ்டேஷனுக்குப் போய், முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய் என்றேன்.

ஏட்டு நாற்காலியில் சாய்ந்தார். "அன்னைக்குச் சொன்னது பொய்யிங்குற. சரி. பொய் சொல்றவன்னு நீயே ஒத்துக்கிற. அப்ப இன்னைக்குச் சொல்றத மட்டும் எப்படித் தம்பி நம்புறது?"

உன் ஃபிளெக்ஸ் துண்டு காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. படங்களை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவர் ஒரு படத்தில் நின்றார்.

"யோவ், இது நம்ம ஸ்டேஷன் வாசல்ல இருக்குறதுல்ல?"

"ஆமா சார். அதுவும் 417தான்."

அதற்குப் பிறகு அவர் தாளை எடுத்தார். இந்தமுறை முழுதும் படித்த பிறகே கையெழுத்துப் போட்டேன். ஒரே கோப்பில் இப்போது என் கையெழுத்தோடு இரண்டு தாள்கள். தானாக ஏறினான் என்கிறது ஒன்று. முதல் தாள் பொய் என்கிறது மற்றது. விசாரணை நடக்கிறது என்கிறார்கள். முதலாளி கடை நடத்துகிறார். ஏணிக்கு வேறொருவன் வந்துவிட்டான். அவனிடமும் ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்டிருப்பார்.

உன் அக்காவிடம் போக எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது. கே.கே. நகரில் அவர் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு மதியம் போனேன். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உன்னைத் திட்டத் தொடங்கினார். தினமும் உன் படத்துக்கு முன் நின்று திட்டுகிறாராம். "கூட்டாளி அம்புட்டு சொல்லியும் ஏறிருக்கான் பாரு தம்பி. எங்க நெனப்பு இருந்திருந்தா ஏறிருப்பானா?"

"ஏறாதன்னு நான் சொல்லவே இல்லக்கா. கரண்ட் இல்ல, ஏறலாம்னு சொன்னதே நான்தான். அவன் என்னைய நம்பித்தான் ஏறுனான்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் குழாயை மூடவில்லை.

"நெசமாவா?"

"நெசம்க்கா."

என் முகத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். எதையோ தேடுவது போல் பார்த்தார்.

"அன்னைக்கும் என் கையப் பிடிச்சுக்கிட்டு, இதே மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான சொன்ன?"

ஏட்டிடம் காட்ட முப்பத்தெட்டுப் படங்கள் இருந்தன. அக்காவிடம் காட்ட ஒன்றுகூட இல்லை. அந்த மதியம் அங்கே நின்றவர்கள் நீயும் நானும் மட்டும்தான். இந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் இனி எல்லா உண்மையையும் சொல்லியாக வேண்டும், மாப்ள.