சகோதரர்: ஒன்று

14-9-1942
யுத்தகாலமாம். கப்பல் வரும் நாளைப் பதிவு செய்கிற குமாஸ்தாக்களை எல்லாம் போலீஸ் விசாரிக்கப்போகிறது. தேறினால் துறைமுக பாஸ், இல்லையென்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எனக்கென்ன பயம்? பீடிகூடக் குடிக்காதவன்.

18-9
தேறவில்லை. ஆத்தூரில் தந்திக்கம்பி அறுத்த கேஸில் பிடிபட்ட வன்னியபெருமாள் என் உடன்பிறந்தவனாம். சொன்னது யார்? நானேதான். முப்பத்தெட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிய ஃபாரத்தை ஹெட்கிளார்க் மனுவேல் சார் எடுத்துக் காட்டினார். சகோதரர்: ஒன்று. பெயர்: வன்னியபெருமாள்.

பெரியப்பா மகன். அண்ணனை வேறு என்னவென்று எழுத? அப்பா போனபின் என்னை வளர்த்துப் படிக்கவைத்ததே பெரியப்பாதான். 'கஸின்' என்ற வார்த்தை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அன்றைக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

21-9
இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "கஸின்னு திருத்துனாப் போதாது ஓய். எந்த உறவும் கிடையாதுன்னு எழுதிக் கொடும்."
"ஒரே தெருவுல வளந்தவங்க, சார்."
"தெருவுல ஆயிரம் பேரு இருப்பான்."
எழுதினேன். கையெழுத்து அழகாகவே விழுந்தது.

22-9
செண்பகத்திடம் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் சொல்லக்கூடிய காரியமா இது?

5-10
பாஸ் வந்துவிட்டது. மனுவேல் சார் கைகுலுக்கினார். மத்தியானம் சோறு இறங்கவில்லை — இதிலும் பொய் எதற்கு? இறங்கியது. இரண்டாம் தடவை ரசம் வாங்கினேன்.

9-10
செண்பகம் தண்ணீர்க்குழாயடியில் கேட்டுவிட்டு வந்தாள். போன வாரம் போலீஸ் பெரியப்பா வீட்டுக்குப் போய் என் தாளை வாசித்துக் காட்டி, நிஜமா என்று கேட்டதாம். "ஆமா, நமக்கும் அவனுக்கும் ஒண்ணும் கிடையாது" என்று பெரியப்பா ரேகை வைத்தாராம்.

என் வேலை போய்விடக்கூடாதென்று சொன்னாரா? வெறுத்துப்போய்ச் சொன்னாரா? போய்க் கேட்டால் தெரிந்துவிடும். அங்கன போக எனக்குக் கால் வரலியே. என்ன மனுசன் நான்.

2-11
இன்றும் போகவில்லை.

17-1-1943
பெரியப்பா காலமானார். பாளையங்கோட்டை ஜெயிலிலிருந்து அண்ணனை விடவில்லை. மகன் இல்லாத இடத்தில் தம்பி மகன்தான் கொள்ளி வைக்கவேண்டும். செய்தி வந்ததும் தலைமுழுகி, ஈரவேட்டியோடு ஓடினேன்.

முற்றத்தில் கூட்டம். "கொள்ளிக்கு யாரு? ஆறுமுகநயினார்தான் வந்துட்டாம்லா" என்றார் ஒரு பெரியவர், என்னைக் காட்டி.

வடிவம்மாள் பெரியம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து என்னை 'ஏலே' என்று தவிரக் கூப்பிட்டறியாதவள்.

"அவுக ஹார்பர் ஆபீஸுக்காரவுக" என்றாள். பிறகு உள்ளே பார்த்து, "ஏளா, அண்ணாச்சிக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போடு."

போட்டார்கள். வீட்டு ஆட்கள் எல்லாரும் தரையில் இருந்தார்கள். குலசேகரன்பட்டினத்திலிருந்து ஒரு தூரத்துப் பங்காளி வந்துசேரும்வரை நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.