நெத்திலிக்கு வந்த சால்வை

டேய் நெத்திலி,

இந்தச் சால்வையில் இன்னும் புதுத்துணி வாசம் போகவில்லை. நேற்று நம்ம குப்பத்துக் கடற்கரையில் பந்தல் போட்டு, கடலில் முழுகுகிறவர்களைக் காப்பாற்றுகிற பிள்ளைகளுக்கெல்லாம் மரியாதை செய்தார்கள். உன் பேரைக் கூப்பிட்டதும் நான் மேடை ஏறினேன். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "தம்பியப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுக்கா" என்று மைக்கை நீட்டினார்கள். சால்வையை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். இருங்காட்டுக்கோட்டையில் என் வீட்டுக்குத் திரும்பி வந்துதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே. நீயும் ஐந்தாவது வரைக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமையானால் நீ வலையைத் தொடமாட்டாய். ஊர்ப் பிள்ளைகளோடு கரையில் காவல் நிற்பாய். ஒருமுறை என் வீட்டுக்கு வந்தபோது, வாளித் தண்ணீரில் தேங்காயைப் போட்டு அதன் குடுமியைப் பிடித்து இழுத்துக் காட்டினாய்.

"முழுகுறவன் முன்னாடி போவக் கூடாதுக்கா. கழுத்தக் கட்டிக்குவான், ரெண்டு பேரும் காலி. பின்னாடி போயி முடியப் புடிச்சி இழுக்கணும்."

"மொட்டயா இருந்தா?"

"கிட்டவே போவாத. கயிறு கட்டின டியூப் வரட்டும்னு தள்ளி நில்லு."

இங்கே என் வீட்டு மாடி ரூமில் சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகள் குடியிருந்தார்களே, கார் கம்பெனிக்குப் போகிறவர்கள். அதில் ஒருத்தனுக்கு வேலை பெர்மனென்ட் ஆனது. வேண்டிக்கொண்டபடி திருத்தணியில் மொட்டை போட்டு வந்தான். அந்தச் சந்தோஷத்தில் எல்லாரையும் வேனில் கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்றான். நம்ம கடலைச் சொன்னது நான்தான். "எந்தம்பி கீறான், பாத்துக்குவான்" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

அவர்கள் கிளம்பிய அன்று காலையில் உனக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். திருப்பிக் கூப்பிட்டாய்.

"இன்னாக்கா, காலங்காத்தால?"

"நம்ம வூட்டுப் பசங்க வராங்கடா. அதுல மொட்ட போட்டவன் ரொம்பத் துடுக்கு. அவன நல்லாப் பாத்துக்கோ."

"கம்பெனிக்காரங்களா? பேண்ட்டோட எறங்குவானுங்களே! வரட்டும், நா கீறேன்" என்று சிரித்தாய்.

மத்தியானம் அந்த மொட்டை போட்டவனைத்தான் அலை இழுத்தது. டியூப் எடுக்க ஓடிய உன் கூட்டாளி ஒருத்தன் பாதி மணலில் வந்துகொண்டிருந்தானாம். "நில்றா, நில்றா" என்று உன் கூட்டாளிகள் கத்தினார்களாம். நீ நிற்கவில்லை. பிடிக்க முடி இல்லாமல், முன்னால் போய்க் கையைக் கொடுத்தாய். அவன் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். டியூப் வந்ததும் அவனைத் தூக்கி அதில் போட்டாயாம். அடுத்த அலைக்கு உன்னைக் காணவில்லையாம்.

அவனுக்கு இப்போது முடி வளர்ந்துவிட்டது. இன்னும் மாடியில்தான் இருக்கிறான். ஷிப்டுக்குப் போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படி இறங்குகிறான். நேற்று பந்தலில் கடைசி வரிசையில் நின்றவன், என் காலில் விழ வந்தான். "எழுந்திருப்பா, சாப்டியா?" என்றேன். வேறு என்ன கேட்பது? அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

முன்பின் தெரியாதவனுக்காக உயிரைக் கொடுத்தவன் என்று உன்னைப் பற்றிப் பேசினார்கள். நான் போன் பண்ணியது அவர்கள் யாருக்கும் தெரியாது. இத்தனை நாளாக அதை நான் வெளியே சொல்லவும் இல்லை.

சொல்லுடா. அவன் அக்கா வீட்டுப் பிள்ளையாக இல்லாமல் வேறு யாரோவாக இருந்திருந்தால், டியூப் வரட்டும் என்று தள்ளி நின்றிருப்பாயா?