மூன்றாம் வகுப்புக்கு நீ அனுப்பிய பாடங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். நீ நலமா என்று கேட்பது கடிதத்துக்கு வழக்கம், ஆனால் இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. மூன்று வாரமாக உன்னிடமிருந்து பாடமும் இல்லை, பேச்சும் இல்லை. அம்மா கூப்பிட்டால் "நல்லாத்தான் இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். நான் போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று அம்மா இந்தத் தாளைக் கையில் திணித்து உட்கார வைத்திருக்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறாள். சமையலறைக் குழாய்தான் சொட்டிக்கொண்டே இருக்கிறது, பிளம்பர் இதோ வருகிறேன் என்று சொல்லிப் பத்து நாள் ஆகிறது. உன் தம்பி வேலை தேடுகிறேன் என்று சுற்றுகிறான், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வீட்டு ஞாபகம் வருகிறது.

என் பாடு உனக்குத் தெரியும், இருந்தாலும் மறுபடி சொல்கிறேன், சொன்னால்தான் எனக்கு ஆறும். இருபத்தெட்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனைக் கூப்பிட்டு, மூன்றாம் வகுப்புக்கு ஸ்பானிஷ் எடுங்கள் என்றார் தலைமையாசிரியை. எனக்கு அதில் ஒரு எழுத்து தெரியாதே என்றதற்கு, "உங்க பொண்ணு அந்த மொழி பேசுற ஊர்லதானே சார் இருக்காங்க, வீட்லயே ஆள் வெச்சிருக்கீங்க" என்று முடித்துவிட்டார். நீ பல் டாக்டராகியிருந்தால் என்னைப் பல் பிடுங்கச் சொல்லியிருப்பார் போல. அதற்கப்புறம்தான் நம் ஏற்பாடு. நீ ஒரு பாடத்தைப் பேசிப் போனில் அனுப்புவாய், நான் அதை வகுப்பு ஸ்பீக்கரில் போடுவேன், நீ சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லும், நான் கரும்பலகையில் படம் வரைவேன். முதல் வாரம் உன்னைக் கேட்காமல் நானாகப் புத்தகத்தைப் பார்த்து, வணக்கத்துக்கு "ஹோலா" என்று சொல்லிக்கொடுத்தேன், அதில் ஹ-வை உச்சரிக்கவே கூடாது என்று நீ சொன்ன பிறகு, முப்பத்து நான்கு வாயிலிருந்தும் அந்த ஹ-வை வெளியே எடுப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அன்றே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், இனி அக்கா சொல்வதை அப்படியே சொல்லுங்கள், ஒன்றைக் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்று. அந்த உத்தரவுதான் என் தலையில் விடிந்தது.

போன வெள்ளிக்கிழமை பெற்றோர்களை அழைத்து வகுப்பைக் காட்டச் சொன்னார்கள். நீ புதிதாக எதுவும் அனுப்பாததால் மூன்று வாரமாகப் பழங்கள் பாடத்தையே போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், உன் மேல் எனக்கு அப்படி ஒரு எரிச்சல். ஸ்பீக்கர் வேண்டாம், பிள்ளைகளே சொல்லட்டும் என்றார் தலைமையாசிரியை. எல்லாரும் எழுந்து நின்று ஊனோ, தோஸ், த்ரேஸ் என்று எண்ணினார்கள், நிறங்கள் சொன்னார்கள், பழங்கள் சொன்னார்கள், ஒரு பிசகு இல்லை. நானே கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். கடைசிப் பழத்தைச் சொன்னதும் முப்பத்து நான்கு பேரும் சேர்ந்தாற்போல ஒரு பெருமூச்சு விட்டு, "போதுமாப்பா?" என்றார்கள், அவ்வளவு அலுப்பாக. அறையே சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "என்ன சார், பிள்ளைங்க இப்படி அலுத்துக்குதுங்க, அடிச்சா சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டார். தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையைத் தாளில் எழுத முடியாது. இது போதாதென்று முதல் பெஞ்சில் ஒரு வாயாடி இருக்கிறாள், தையற்காரர் மகள், அவள் எழுந்து "ஸ்பானிஷ் அப்படித்தான் மிஸ் முடியும்" என்று விளக்கம் வேறு கொடுத்தாள். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் நீ என்னிடம் கேட்பது அது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பில் பாடம் முடியவும் மணி அடிக்கவும் சரியாக இருக்கும், பெஞ்சு இழுக்கிற சத்தத்தில் இவர்கள் அதையும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தது என் காதில் விழவே இல்லை.

வீட்டுக்கு வந்து உன் மேல் பொரிந்து தள்ளினேன். பாடத்தைப் பாடமாக முடிக்கத் தெரியாதா, எனக்குச் சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல்லக் கூடாதா என்று. அம்மா, "எதுக்கும் ஒரு தடவை எல்லாத்தையும் கேட்டுட்டுத் திட்டுங்க" என்றாள். பத்தொன்பது பாடத்தையும் வரிசையாகப் போட்டுக் கேட்டோம். முதல் பாடத்தின் முடிவில் நீ சிரித்துக்கொண்டே "போதுமாப்பா, இன்னொரு தடவை சொல்லட்டுமா?" என்கிறாய். ஏழாவதில் சிரிப்பு இல்லை. பன்னிரண்டாவதில் பின்னால் பஸ் சத்தம், அதற்கு நான் "இரைச்சல் இல்லாத இடத்தில் நின்று பேசு" என்று பதில் அனுப்பியிருக்கிறேன். பதினாறாவதில் மூக்கடைத்த குரல், ஜலதோஷம் என்று நினைத்திருந்தேன், அம்மா கேட்டதும் "இது அழுத குரல்ங்க" என்றாள். பத்தொன்பதாவது அந்தப் பழங்கள், முடிவில் பிள்ளைகள் விட்ட அதே பெருமூச்சு. அதற்குப் பிறகு நான் உனக்கு அனுப்பியதையெல்லாம் தேடிப் பார்த்தேன். நிறங்கள் அனுப்பு, கிழமைகள் அனுப்பு, இன்னும் மெதுவாகச் சொல், வியாழனுக்குள் வேண்டும். ஏழு மாதத்தில் சாப்பிட்டாயா என்று ஒரு வரி இல்லை. பெற்ற பெண்ணிடம் பேசுகிற லட்சணம் இது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, யார் மேல் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

புதுப் பதிவு வராவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து டிவி பாடத்தைப் போட்டுவிடலாம் என்கிறார் தலைமையாசிரியை. போடட்டும். அதற்காக நீ ஒரு சொல்லும் பேசி அனுப்ப வேண்டாம். அங்கே வேலை பிடிக்கவில்லையா, வேலையே போய்விட்டதா, உடம்புக்கு ஏதாவதா, யாராவது மனம் நோக நடந்துகொண்டார்களா, எதுவானாலும் எங்களிடம் சொல். திரும்பி வரவேண்டும் என்று தோன்றினால் புறப்பட்டு வா, ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள், என் வாய்க்கு அம்மா பொறுப்பு. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, தைரியமாக இரு.

இதைப் பார்த்ததும் கூப்பிட மறந்துவிடாதே. திங்கட்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அந்த வாயாடி மட்டும் என் மேஜைக்கு வந்து, "பாடம் சொல்ற அக்காவுக்கு என்ன கஷ்டம் சார், ரொம்ப நாளா ஒரு மாதிரி பேசறாங்களே" என்று மெதுவாகக் கேட்டாள். எட்டு வயது. தெரியாதும்மா என்றேன். "நீங்க அவங்க அப்பாதானே சார்?" என்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா