ஆல்பத்தில் நைனாவின் இருமல்

நைனாவுக்கு கும்பிடு. முழங்கால் வலி தேவலையா? நான் நல்லாத்தான் கீறேன். ரொட்டி துன்னு துன்னு அலுத்துப்போச்சு.

பெர்லின்ல நான் சவுண்ட் மிக்ஸிங் பண்ற ராக் பேண்டு, புது ஆல்பத்துக்கு உலக இசை தேடிக்கினு இருந்தாங்க. வடமாலபேட்டையில மாம்பழ ஆட்டோ மைக்குல நீ கூவுறது என் போன்ல இருந்தது, போட்டுக் காட்டினேன். எலக்ட்ரானிக் தாளத்தோட சேர்த்துட்டாங்க. எந்த சாமி மந்திரம்னு டிரம்ஸ்காரன் கேட்டான். நான் வால்யூம ஏத்திவுட்டேன்.

சனிக்கிழமை கச்சேரில ஆயிரம் பேரு கண்ண மூடிக்கினு, "பங்கனப்பள்ளி வந்தாச்சு, வச்சிந்தம்மா!"ன்னு உன் தெலுங்கோட சேர்ந்து உருகுறாங்க. நீ இருமுற இடத்துல கூட்டமே சேர்ந்து இருமுது.

இருமலுக்கு டாக்டரைப் பாரு. அதுக்கு முன்னாடி இன்னொரு தபா கூவி அனுப்பு, பேண்டுக்கு இருமல் வேணுமாம். முடிக்கும்போது "கௌசி, துன்னியா?"ன்னு கேளு. அத ஆல்பத்துல போட மாட்டேன்.

ரிகர்சலுக்குக் கூப்பிடுறாங்க, ஓடுறேன்.

கௌசிகா